முதல் தடம்

கெஸ்தூர் ஐஸ்லாந்தின் வடகரையில் நானூறு பேர் வாழும் ஓர் ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்து மூன்று. ஊர் மீட்புக் குழுவிலும் இருக்கிறார். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் ஒரு மரியாதை உண்டு. பனி மூடிய மேட்டுநிலத்துக்குக் குழு கிளம்பினால் அவருடைய ஜீப்தான் முதலில் போகும், மற்ற வண்டிகள் அவர் போட்ட தடத்தில் பின்னால் வரும். இருபத்திரண்டு குளிர்காலம் அப்படியே போயிற்று.

பிறகு பால்மி வந்தான். அவருடைய மனைவி சோல்ரூனின் சொந்தத் தம்பி. தலைநகரில் பத்து வருடம் இருந்துவிட்டு, கனத்த டிரக் ஒன்றை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். அதன் டயர் நாற்பத்தாறு அங்குலம், கெஸ்தூரின் நெஞ்சு உயரம் இருந்தது. போன குளிர்காலத்தில் ஒரு நாள் குழுத் தலைவி ஹால்பெரா வரைபடத்தை மடித்துக்கொண்டே, "பால்மி முன்னால போகட்டும்" என்றார். வெளியே காற்றடிக்கிறது என்று சொல்வதுபோல, சாதாரணமாகத்தான் சொன்னார். கெஸ்தூருக்கு வயிறு பற்றிக்கொண்டது.

அதற்கப்புறம் மச்சினன் எது செய்தாலும் அவருக்கு ஆகவில்லை. சிரித்தால் ஏன் சிரிக்கிறான், உலர்மீனுக்கு இத்தனை வெண்ணெயா தடவுவான் என்று குறை. ஒரு வருடம் இப்படிக் குமைந்துவிட்டு, இந்த அக்டோபரில் அவர் டயர்க்கடைக்குப் போனார்.

"பால்மி போட்டிருக்கிறதே எனக்கும் குடுங்க."

கடைக்காரர் ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இது வேணாங்க. அவரு வண்டி கனம், உங்களுது பாதி எடைகூட இல்ல. இந்த ரப்பர் ரொம்பக் கெட்டி. காத்தை எறக்கினாலும் உங்க வண்டிக்கு அமுங்காது. பனியில மிதக்காம கத்தி மாதிரி எறங்கிடும். முப்பத்தெட்டு அங்குலத்துல மெல்லிசா ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க."

"நான் கேட்டதைக் குடுங்க."

அந்த டயர் உள்ளே நுழைவதற்காகச் சக்கரத்தின் மேல்தகட்டைத் தன் கையாலேயே அறுத்தார். சோல்ரூன் காபியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, இருந்த டயருக்கு என்ன வந்துச்சு?"

"தேஞ்சு போச்சு."

"போன வருஷம்தானே மாத்தினீங்க? என் தம்பி வண்டி உங்க கண்ணை உறுத்துது. அதைச் சொல்லுங்களேன்."

"உன் தம்பி வண்டியை நான் திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல."

"பாக்காமலேதான் அங்குலம் தெரிஞ்சுதாக்கும்."

அவர் அடுத்த சக்கரத்துத் தகட்டை அறுக்கப் போனார்.

டிசம்பரில் ஒரு முற்பகல் அழைப்பு வந்தது. மேட்டுநிலத்துக் குடிசையில் மின்கம்பி ஆட்கள் இருவர் மாட்டிக்கொண்டார்கள், ஒருவருக்குக் கால் முறிந்திருக்கிறது. "நான் முன்னால போறேன்" என்று யாரும் கேட்பதற்குள் கெஸ்தூர் சொன்னார். ஹால்பெரா பால்மியைப் பார்த்தார். "அத்தானே போகட்டுங்க" என்றான் அவன். அவன் கொடுத்துத் தனக்குக் கிடைக்க வேண்டியதாயிற்றே என்று அதற்கும் இவருக்கு எரிந்தது.

சாலை முடிந்த இடத்தில் எல்லோரும் இறங்கி, வண்டி பனியில் மிதப்பதற்காக டயர்க் காற்றை இறக்கினார்கள். பால்மியின் டயர் உள்ளங்கையால் அழுத்திய மாவுபோலப் பரந்து உட்கார்ந்தது. கெஸ்தூர் மூன்று பவுண்டுக்கு இறக்கினார், பிறகு இரண்டுக்கு. டயர் முறைத்துக்கொண்டு உருண்டையாகவே நின்றது. பால்மி அதைக் கவனித்தான். இருநூறு மீட்டர்கூடப் போகவில்லை. ஜீப் வயிறுவரை பனியில் இறங்கிவிட்டது.

"அத்தான், கயிறு போடட்டுமா?"

"வேணாம். போற வேலையைப் பாரு."

ரேடியோவில் ஹால்பெராவின் குரல் வந்தது. "பால்மி, நீ முன்னால போ."

டிரக் அவரைத் தாண்டிச் சரிவில் இறங்கியது. அரைக் கிலோமீட்டரில் ஓர் ஓடை. மேலாகப் பார்த்தால் எங்கும் ஒரே வெள்ளை. ஆனால் அந்த வாரம் இரண்டு நாள் மழை பெய்து பனி இளகியிருந்தது. பனிக்கு அடியில் தண்ணீரும் பனியும் குழம்பாகக் கிடக்கும், நேரே போகிற கனத்த வண்டி ஜன்னல்வரை புதையும். எங்கே கெட்டித் தரை என்பது கெஸ்தூருக்குத் தெரியும். ரேடியோ அவர் கையில்தான் இருந்தது. பொத்தானின்மேல் கட்டைவிரலும் இருந்தது.

அவர் அழுத்தவில்லை. ஒரே ஒரு தடவை புதையட்டும், ஹால்பெரா பார்க்கட்டும் என்று நினைத்தார். கால் முறிந்த ஆள் அப்போது அவர் நினைவுக்கே வரவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த ஒரு நிமிஷம் அவர் அப்படித்தான் இருந்தார்.

டிரக்கின் மஞ்சள் விளக்குகள் ஓடைக்கரையில் நின்றன. பின்னால் வந்த வண்டிகளும் நின்றன.

"என்ன பால்மி, ஏன் நின்னுட்டே?" என்று ஹால்பெரா கேட்டார்.

"அத்தான் இன்னும் வழி சொல்லலைங்க."

"உள்ள ஒருத்தர் காலை ஒடிச்சுக்கிட்டுக் கெடக்காருப்பா."

"தெரியுதுங்க. ஆனா அவரைக் கேக்காம இந்த ஓடையில யாரு எறங்குவா? எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றவன், குரலை உயர்த்தினான். "அத்தான், ரேடியோ கேக்குதா? நீங்க சொல்ற வரைக்கும் நான் எறங்கல."

குழு முழுதும் அதைக் கேட்டது. கெஸ்தூர் பொத்தானை அழுத்தினார்.

"இடது பக்கம் மூணு பாறை இருக்கு பாரு, அதை ஒட்டிப் போ. நேரா போயிடாதே."

"சரிங்க அத்தான்."

டிரக் இடப்பக்கம் திரும்பி, பாறைகளை ஒட்டிக் கடந்து, எதிர்மேட்டில் ஏறியது. மற்ற வண்டிகள் அதன் தடத்தில் போயின. கெஸ்தூர் மண்வாரியை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தருகே மண்டியிட்டார். ஒரு வருடமாக அவனுடைய டயரைப் பார்த்துத்தான் அவருக்கு வயிறெரிந்தது. இப்போது எரிந்தது அவனுடைய மனசைப் பார்த்து. டயரையாவது கடையில் கேட்டு வாங்க முடிந்தது.