காத்தாடிக்கு மேலே ஓர் உத்தரம்

காலை ஏழு பத்து. படுக்கையறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, காத்தாடியைச் சுற்றிச் சீலிங் பலகையில் படிந்திருந்த பழுப்பு வளையம். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் இருக்கும். காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே கட்டில்.

மலாய் பேசும் எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில், பக்கத்து வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பழைய வரிசை வீடு அது. வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, போய்ப் பார்ப்பேன். குடியிருந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. அந்த முறை, ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வரச் சொல்லியிருந்தார். மனைவிக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது.

"இந்தக் கறை எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"போன மாசம் பெரிய மழை பெஞ்சுச்சே, அப்பவே அக்கா," என்றாள் அவள்.

"ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே."

"போட்டா நீங்க உடனே ஆள் அனுப்புவீங்க. ஆள் வந்தா ஆணி அடிப்பாங்க."

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது. நானும் கேட்டு வளர்ந்ததுதான். காத்தாடியை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினேன். பலகையை ஒதுக்கி, மேலே ஓடிய உத்தரத்தை அழுத்தியபோது விரல் உள்ளே போயிற்று. கரையான் தின்ற மரத்தில் மழைநீர் ஊறியிருந்தது. காத்தாடியின் கொக்கி அந்த உத்தரத்தில்தான் இருந்தது.

என் வீட்டு வேலைகளை நெடுநாளாகச் செய்துவரும் சீனக் கான்ட்ராக்டரை உடனே அழைத்தேன். வந்தவர் உத்தரத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் வயிற்றைப் பார்த்தார். கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"தா போலே லா," என்றார். முடியாது என்றால் முடியாதுதான். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்.

"காத்தாடியை மட்டுமாவது கழற்றுங்களேன்."

"கொக்கி துருப்பிடிச்சிருக்கும். தட்டாம வராது. பிள்ளை பிறக்கட்டும், மறுநாளே வரேன்."

"நீங்களும் இதெல்லாம் பார்ப்பீங்களா?"

"எங்க ஆளுங்க இன்னும் மோசம். கட்டிலைக்கூட நகர்த்த மாட்டோம்."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப கட்டிலும் நகரக் கூடாது."

"ஏய், அது சீனவங்களுக்கு. நமக்கு ஏது?" என்றார் கணவர்.

"இருந்துட்டுப் போகுது. ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டா என்ன நட்டம்?"

கட்டில் அசையவில்லை. மெத்தையை மட்டும் ஹாலுக்குக் கொண்டுபோய்த் தரையில் போட்டோம். என் வீட்டிலிருந்து நின்று சுற்றும் காத்தாடி ஒன்றும் மடிப்புக் கட்டில் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தேன். படுக்கையறைக் காத்தாடியின் சுவிட்சில் டேப் ஒட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் கணவர் போன் செய்தார். "அக்கா, மடிப்புக் கட்டில் ஆடுதாம். தரையில படுத்தா அவளால எந்திரிக்க முடியல. நேத்து பழைய கட்டில்லயே போய்ப் படுத்துட்டா. வெறும் பலகையில ஒரு போர்வை."

"காத்தாடிக்குக் கீழேயா?"

"கீழதான். ஓடலையே, நிறுத்தி வச்ச காத்தாடி என்ன செய்யும்னு கேக்குறா."

பிள்ளை பிறக்க இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. வளைகாப்பு எப்போது என்று கேட்டேன். ஒன்பதாம் மாதம், கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் அவள் அம்மா வீட்டில் என்றார். அது முடிந்தால் பிரசவம் வரை அவள் அங்கேதான் இருப்பாள்.

அவளிடமே எண்ணைக் கேட்டு வாங்கி, அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். உத்தரத்தில் விரல் போனதை, போனபடியே சொன்னேன். வளைகாப்பை வரும் ஞாயிற்றுக்கிழமையே வைத்து அவளை அழைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"ஏழும் ஒத்தப்படைதான். ஏழுலயே போடலாம்," என்றார் அந்த அம்மா. "ஆனா வர்ற ஞாயித்துக்கிழமையேன்னா எப்படிங்க? வளையல் வாங்கணும், அஞ்சு வகை சோறு ஆக்கணும், ஒவ்வொருத்தருக்கா சொல்லணும். நீங்க வீட்டுக்கார அம்மாவா, என் பொண்ணோட மாமியாரா?"

"வீட்டுக்காரிதான். நானும் வளையல் போட வரலாமா?"

"வராம? அவசரப்படுத்தினதே நீங்க. புளிச்சோறு உங்க பொறுப்பு."

சனிக்கிழமை இருவரும் பெர்ரிப் படகில் பட்டர்வொர்த் கரையில் இறங்கி அவள் அம்மா வீட்டுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் புளிச்சோற்றோடு போய், அவள் இரு கைகளிலும் கண்ணாடி வளையல் போட்டுவிட்டு வந்தேன். வளையல் கையை நீட்டி, "கட்டிலைப் பத்திரமா பாத்துக்குங்க அக்கா," என்றாள்.

திங்கள் காலை கான்ட்ராக்டர் வந்து, வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"போயிட்டாங்களா?"

"கடலைத் தாண்டியாச்சு."

"துணிமணி?"

"அதுவும்தான். உள்ள வாங்க."

ஞாயிறு இரவே திரும்பி வந்து, வேலைக்கு லீவு போட்டிருந்த கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கான்ட்ராக்டர் பையைத் தரையில் வைத்துவிட்டு ஏறினார். கொக்கி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, காத்தாடியை இடது கையால் தாங்கிக்கொண்டு, வலது கையால் கொக்கியைப் பிடித்து லேசாகத் திருகினார். கொக்கி கையோடு வந்தது. சுத்தியல் பையிலேயே இருந்தது.