ஹமீதின் வண்டிக்குப் பிரேக் இருந்தது

ஹமீது இறந்துவிட்டார் என்ற தந்தி அண்ணாமலை நகருக்கு வந்தபோது நான் பாதி முகம் மழித்திருந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தந்தி கொண்டுவந்தவர் கேட்டார்: "யாரு சார், அந்த பிரேக் இல்லாத வண்டிக்காரரா?" செத்த அன்றைக்கும் அதே பெயர்தானா! அவரை அறிந்தவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன்.

சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிள்ளை ஊர்க்காரரான ஹமீது சிங்கப்பூரிலிருந்து திரும்பி, கடலூர்ப் பழைய டவுனில் ஜவுளிக்கடை வைத்தவர். வரும்போதே ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்தார். இரட்டை சிலிண்டர். சிதம்பரத்தில் எங்கள் நண்பர், அரிசி மில் முதலாளி, வைத்திருந்ததும் இரட்டை சிலிண்டர்தான்; ஆனால் பிரிட்டிஷ் வண்டி. அதை உதைத்து உதைத்தே கால் வீங்கும். நிறுத்திய இடமெல்லாம் எண்ணெய். ஹமீதின் வண்டியோ பொத்தானை அழுத்தினால் கிளம்பும். அதை மில்காரர் 'தகர டப்பா' என்பார். ஹமீது நியாயஸ்தர். "சத்தத்துக்கும் இழுவைக்கும் அவரு வண்டிதான் ராஜா மச்சான். ஒழுகாம இருந்தா நானே வாங்கியிருப்பேன்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை மாற்றி ஓட்டிப் பார்ப்போம் என்று கடலூரிலிருந்து கிளம்பினோம். "மொதலாளி, உங்க வண்டில பிரேக்கு இடது கால்ல. இதுல வலது கால்ல. இடது கால்ல இருக்கறது கியரு. மறந்துடாதீங்க" என்று ஹமீது படித்துப் படித்துச் சொன்னார். "எனக்கா சொல்லித் தர்ற?" என்றார் மில்காரர். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். சிதம்பரத்துக்குள் நுழையும்போது எதிரே வைக்கோல் வண்டி. மனிதர் பழக்க தோஷத்தில் இடது காலால் ஓங்கி மிதித்தார். கியர்தான் மாறியது. இருவரும் வைக்கோலுக்குள் கிடந்தோம்.

எழுந்ததும் அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக்கே இல்லாத வண்டியைக் குடுத்துட்டான்யா!" நான் உண்மையைச் சொன்னேன். "கூட்டாளிக்காகப் பரிஞ்சு பேசறாரு" என்றார்கள். துணி எடுக்க வந்தவர்கள்கூட, "பாய், சாயமாவது நிக்குமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். வாக்குச் சுத்தத்தையே முதலாக வைத்துப் பிழைத்தவருக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? "நீங்க ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க?" என்று சண்டை போட்டேன். "பெரிய மனுசன், நடுரோட்டுல விழுந்துட்டாரு. அந்த வெக்கம் போதும், விடு மச்சான்" என்றார். விட்டிருக்கக் கூடாது!

போன வாரம் இரங்கல் கூட்டம். மில்காரர் மாலையோடு வந்து, "தங்கமான மனுசன். வண்டிதான் சரியில்ல" என்று பேசிவிட்டு உட்கார்ந்தார். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். நான் எழுந்தேன். "எந்தக் கால்ல மிதிச்சீங்க? இத்தனை பேருக்கு முன்னால சொல்லுங்க" என்றேன்.

அவர் இடது காலை மட்டும் மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

ஹமீதின் பெருந்தன்மை எனக்கு வராது. அது அவரோடு போயிற்று. அவர் ஒருநாளும் படாத கோபம் இருக்கிறதே, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.