பவுடர் டப்பாவில் இருந்தவள்

ஊர் ஊராக அலைந்துவிட்டுப் பம்பாய் திரும்பியபோது, சோர் பஜாரில் பழைய விளம்பரச் சாமான் கடையில் எங்கள் வீட்டில் இருந்த மாதிரியே ஒரு பவுடர் டப்பாவைப் பார்த்தேன். மூடியில் அதே வெளுத்த பெண். முகர்ந்ததும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நாங்கள் இருந்த தாராவி வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

கறுப்பு என்று அக்காவை இரண்டு பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். மூன்றாமவர் பெண் பார்க்க வந்த அன்று, அம்மா டப்பாவில் இருந்தவளைப் பார்த்துப் பார்த்து அக்கா முகத்தில் பவுடரை அப்பினாள்.

"அசையாதட்டி, இவள மாதிரி வெளுக்கணும்."

வந்தவருக்குத் தோல் பதனிடும் வேலை. அக்காவைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"அத்த, பகல் பூரா சுண்ணாம்புல ஊறி வெளுத்த தோலத்தான் பாக்கேன். வீட்டுலயும் அதானா? மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

அக்கா கழுவிவிட்டு வந்தாள். கல்யாணம் நடந்தது.

டப்பாவில் அக்கா கடுகு போட்டு வைத்தாள். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மூடியில் இருந்தவளும் கறுத்துப்போனாள். கடையில் இருந்தவள் இன்னும் வெளுப்புதான். பாவம், அடுப்படியே பார்க்காதவள்.