மேசைவிரிப்பும் நானும் ஒரே ஊர்

பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது விமான நிலையத்தில் என் பெட்டியை யாரும் திறக்கவில்லை. புதுச்சேரியில், முத்தியால்பேட்டைத் தங்கை வீட்டுக் கூடத்தில்தான் சோதனை நடந்தது. தங்கை கணவர் லூர்து ஒவ்வொரு பொருளையும் கவிழ்த்து, எந்த நாட்டில் செய்தது என்று படித்தார். சென்ட், பொம்மை எல்லாம் ஒரு மூலைக்குப் போயின. எனக்கென்று நான் வைத்திருந்த சட்டையில் மட்டும் மேட் இன் இந்தியா என்றிருந்தது. அதை மரியாதையோடு எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்நியச் சரக்கு நம்ம வாசப்படி ஏறக்கூடாது மச்சான். வாங்க மாட்டோம்னு தெரு பூரா நான்தான் கையெழுத்து வாங்கினு இருக்கேன்" என்றார். சாக்லேட்டுக்கு மட்டும் விலக்கு. வெயிலில் உருகிவிடுமாம்.

அதே வீட்டின் பின்கட்டில் பன்னிரண்டு பெண்கள் அவரிடம் மேசைவிரிப்பு தைக்கிறார்கள். அத்தனையும் பிரான்சுக்குப் போகிறது. அதைக் கேட்டால், "அது எக்ஸ்போர்ட்டு மச்சான், அது வேற" என்பார்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பாரிஸ் பக்கத்தில் ஒரு வீட்டுச் சாமான் கடையில், உள்நாட்டுப் பொருள்களுக்குப் பிரெஞ்சுக் கொடி ஒட்டுவது என் வேலை. இனி உள்நாட்டுப் பொருளே வாங்குவோம் என்று மேலாளர் அம்மாள் உறுதிமொழித் தாள் நீட்டியபோது முதல் கையெழுத்து என்னுடையது. கறுப்புத்தோல்காரன் தேசபக்தியில் பிந்திவிட முடியுமா? என்னைப் போல் வெளியில் பிழைப்பவர்களுக்கு இது புரியும். ஒருமுறை ஒரு கிழவி மேசைவிரிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் ஊரைக் கேட்டாள். பாண்டிச்சேரி என்றேன். "அப்படியானால் நீ எங்கள் பிள்ளை!" என்று கன்னத்தைத் தட்டினாள். பிறகு விரிப்பின் சீட்டைப் பார்த்தாள். அதிலும் பாண்டிச்சேரி. வெளிநாட்டுச் சரக்கு என்று முகம் சுளித்து அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

விடுமுறை முடியும் வாரத்தில் லூர்து தலையில் ஓர் இடி விழுந்தது. அவரிடம் வாங்கும் பிரெஞ்சு வியாபாரி ஆர்டரை நிறுத்திக் கடிதம் எழுதிவிட்டார்.

"பன்னெண்டு குடும்பம் மச்சான். இத வுட்டா எனக்கு வேற கிராக்கி இல்ல. நீங்க பிரெஞ்சுல பேசுங்க, கேப்பாங்க."

போன் போட்டு, பாரிஸில் வேலை, பிரெஞ்சுக் குடியுரிமை என்று அறிமுகம் செய்துகொண்டேன். பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்கள். வியாபாரி தன்மையாகத்தான் பேசினார். இனிமேல் பிரான்சில் தைத்ததை மட்டுமே வாங்கப் போகிறாராம். "நீங்களும் பிரெஞ்சுக் குடிமகன். நம் நாட்டு வேலை நம் நாட்டிலேயே இருக்க வேண்டாமா?" என்றார். பதினெட்டு வருடமாக ஆமாம் போட்டுப் பழகிய நாக்கு என்னைக் கேட்கவில்லை. "வுய், முஸ்யே. வுய்."

பிரெஞ்சு தெரியாத புதுச்சேரிக்காரருக்கும் முஸ்யே என்றால் ஐயா, வுய் என்றால் ஆமாம் என்று தெரியும். லூர்து துள்ளிக் குதித்தார். "ஒத்துக்கினாங்கம்மா! தையுங்க!"

ஒரு பெண் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு மெஷினும் ஒன்றாக ஓடின.

"என்ன இரைச்சல் அது?" என்று வியாபாரி கேட்டார்.

தங்கை வீட்டுப் பின்கட்டில், அந்தப் பன்னிரண்டு மெஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "அங்கே தைக்கிறார்கள், முஸ்யே" என்றேன்.