பச்சை நிறத்தில் வந்த பொய்

இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் பேத்தி மென்பொருள் எழுதப் பழகுகிறவள். கைபேசியும் கண் மருத்துவமனைக் கணினியும் பேசிக்கொள்ளும் வழியை அவள்தான் அமைத்தாள். அதற்கு ஏபிஐ என்று பெயராம். கண்ணைக் காட்ட அதிலேயே என் பெயரையும் பதிந்தாள். பச்சை நிறத்தில் ‘சரி’ என்று வந்தது.

குறித்த நாளில் இருவரும் யாழ்ப்பாணத்திலுள்ள அந்த மருத்துவமனைக்குப் போனோம்.

“உங்கடை பேர் இல்லையே அம்மா,” என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை.

“எனக்குத்தான் கண் மங்கல். உன்ரை ஏபிஐக்குமோ?” என்று பேத்தியைச் சீண்டினேன்.

அவள் மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். “இண்டைக்கு இடம் முடிஞ்சுது அம்மம்மா. பதிய ஏலாட்டியும் அது சரி எண்டுதான் சொல்லும். பிழையெண்ட செய்தி திரையில வராமல் உள்ளுக்கை கிடக்கு.”

அப்போது பின்னால் நின்ற முதியவர் தன் கைபேசியில் அதே பச்சைச் ‘சரி’யை நீட்டினார். நெடுந்தீவிலிருந்து முதல் படகில் வந்தவர். அவர் பெயரும் இல்லை. என் சிரிப்பு நின்றது.

“உள்ளுக்கை கிடந்தால் இந்த மனிசன் எப்பிடியடி வாசிக்கிறது? இல்லையெண்டு சொல்லியிருந்தால் கடல் கடந்து வந்திருப்பாரோ?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேத்தி அவரிடம் போய், “ஐயா, பிழை என்ரை,” என்றாள். அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள். இடமில்லாவிட்டால் இப்போது சிவப்பில் ‘பதியவில்லை, இடமில்லை’ என்று வருகிறது.

அவரோ அன்று கண்ணைக் காட்டாமலே படகேறினார். அதுதான் எனக்கு ஆறவில்லை. பேத்தி எதற்காவது “சரி அம்மம்மா” என்றால், “உது எந்தச் சரியடி?” என்று இன்றும் கேட்கிறேன்.