ஸ்டெல்லா வீட்டு அயனி மரம்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊருக்கும் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல எழுத உட்கார்ந்தேன். முந்தைய நாள் பார்த்த ஒரு விஷயத்தைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. அதையோ எழுத முடியாது... பேனாவை மூடிவிட்டேன்.

இப்போது எழுதலாம். சம்பந்தப்பட்டவளே, "எழுதுங்கக்கா, பேரு போட்டே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பிழைப்பு பூச்சி பிடிப்பது. சரியாகச் சொன்னால், பூச்சி பிடிப்பவர்களுக்கு மேற்பார்வை. பூதப்பாண்டியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, தடிக்காரன்கோணத்துக்கு மேலே ரப்பர் தோட்டமும் காடும் ஒட்டிக்கொள்கிற இடங்களுக்குப் போவேன். அங்கே ஆறு பெண்கள் காத்திருப்பார்கள். எல்லோரும் ரப்பர் பால்வெட்டுகிறவர்கள். இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றுபோகும் மாதங்களில் அவர்களுக்கு வேலை இருக்காது. அந்த வண்டு வெளியே வருவதும் அதே மாதங்களில்தான். நல்ல ஏற்பாடு — வண்டு செய்த ஒரே உபகாரம்.

வண்டுக்கு இந்த ஊர் இல்லை. எங்கிருந்தோ கப்பலில் வந்த மரப்பெட்டிகளுக்குள் இருந்து இறங்கியதாகச் சொல்கிறார்கள். விஞ்ஞானப் பெயர் வாயில் நுழையாது. உடம்பை விட மீசை நீளம் என்பதால் எங்கள் பெண்கள் வைத்த பெயர் 'மீசைக்காரன்'. பலா, அதன் காட்டு உறவான அயனி, மா என்று பார்த்துப் பட்டையைக் கீறி முட்டை வைக்கும். புழு மரத்தின் தடிக்குள் போய் வருஷக்கணக்கில் தின்னும். இப்போதைக்கு ஊர் ஓரத்து மரங்களில்தான் இருக்கிறது. காட்டுக்குள் புகுந்துவிட்டால்? யார் போய்ப் பிடிப்பது?

அதனால் காட்டு விளிம்பிலேயே மறிக்கிறோம். கறுப்புப் புனல்களை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்து மரக்கிளையில் தொங்கவிட்டு, அடியில் ஒரு வாளி, உள்ளே வண்டை இழுக்கிற மணமருந்து. தினமும் ஒவ்வொரு வாளியாகப் பார்க்க வேண்டும். அகப்பட்டதைக் குப்பியில் போட்டு, எந்த இடம், எந்த மரம், யார் கண்டது என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டும்.

வண்டு ஏறிய மரம் தெரிந்தால் அதை வெட்ட வேண்டும். அங்கேயே துண்டு போட்டு, அங்கேயே எரிக்க வேண்டும். ஒரு விறகுக் கம்புகூட அந்த முற்றத்தை விட்டு வெளியே போகக்கூடாது. இழப்பீடு உண்டு — பேருக்கு.

ஆக, இந்த வேலையில் கஷ்டமான ஜீவன் வண்டு இல்லை. மரத்துக்குச் சொந்தக்காரர். அவரிடம் பேசுவதற்கென்றே எங்களிடம் ஒரு ஆள் உண்டு. அவள்தான் ஸ்டெல்லா.

நாற்பது வயது இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரப்பர் வெட்டுகிறாள். பட்டையைத் தடவியே மரத்துக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவாள். வாளியில் வண்டு விழுவதற்கு முன்பே, "அக்கா, அந்த மரத்துல பொடி கொட்டுகு, பாருங்க" என்பாள். போய்ப் பார்த்தால் மரத்தின் அடித்தூரில் அரித்த பொடி மஞ்சளாகக் குவிந்திருக்கும். பேச்சும் அப்படித்தான். கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளே கடைசியில் அவளுக்குச் சாயா கொடுத்து அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கடைசி வாளியைப் பார்த்து முடிக்கும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. அவள் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. "ஒன் வீட்டுல ஒதுங்குவோமே" என்றேன்.

"வீடு பணி நடக்குகு அக்கா... இருக்க எடமில்ல. ரோட்டுக்குப் போயிருவமே?"

மழையில் அரை மைல் நடந்து ரோட்டுக்கா? நான் சிரித்துக்கொண்டே அவள் வீட்டுப் பக்கம் ஓடினேன். அவள் பின்னால் வந்தாள். மெதுவாக வந்தாள்... அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் போட்டு முடித்த வீடு. கதவு, ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் நீலத் தார்ப்பாய். அவள் கணவர் தங்கராஜ் அதை விலக்கிக்கொண்டு வந்து வரவேற்றார். மழை சற்றுக் குறைந்ததும், "வாங்க மேடம், எனக்க முன்கதவக் காட்டுகேன்" என்று முற்றத்துக்குக் கூட்டிப்போனார்.

முற்றத்தில் ஒரு அயனி மரம் நின்றது. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அவர் தடியில் தட்டிக் காட்டினார். "இது முன்கதவு. அந்தா, அந்தக் கவட்டைக்கு மேல உள்ளது ரெண்டு ஜன்னலு. மிச்சம் இருந்தா ஒரு கட்டிலு. மழை முடிஞ்ச ஒடனே அறுக்கணும்."

அவர் கை போன திசையில் பார்த்த என் கண், அங்கிருந்து கீழே இறங்கியது. முற்றம் முழுக்கச் சருகு. மரத்தூரைச் சுற்றி மட்டும் ஒரு சருகு இல்லை, ஒரு தூசி இல்லை. சுத்தமாகப் பெருக்கியிருந்தது. இடுப்பு உயரத்தில், தடியின் பின்பக்கம், விரல் நுழைகிற அளவில் ஒரு இடத்தில் களிமண் அப்பியிருந்தது. மழை பட்டு அது கரைந்து, அடியிலிருந்து மஞ்சள் பொடி எட்டிப்பார்த்தது.

நிமிர்ந்தேன். சாயா தம்ளரோடு ஸ்டெல்லா நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கராஜுக்கு எதுவும் தெரியாது. அவர் கட்டிலின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன்? சாயாவைக் குடித்தேன். மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். கிளம்பிவிட்டேன்.

ஸ்கூட்டரில் வரும்போதே மனசு வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கிவிட்டது. ஒரே ஒரு மரம்தானே? மண்ணை அப்பி அடைத்திருக்கிறாள், வண்டு எங்கே போகும்? நமக்கு இவளைப் போல ஒருத்தி கிடைப்பாளா? கதவில்லாத வீடு, பாவம்... அதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர் இரக்கம். வெள்ளிக்கிழமை எழுத உட்கார்ந்தபோதுதான், அது இரக்கம் என்றால் ஏன் எழுத வரவில்லை என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலப் பஸ் நிறுத்தத்தில் கூடினோம். மற்ற ஐந்து பேரும் வாளிப் பக்கம் கிளம்பியபின் ஸ்டெல்லா நின்றாள். பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே மீசைக்காரன். சீட்டில் அவளுடைய குண்டுக் கையெழுத்து. இடம்: எனக்க வீடு. மரம்: முற்றத்து அயனி. கண்டது: ஸ்டெல்லா.

"பன்னெண்டு நாளு மண்ணு வச்சு அடச்சேன் அக்கா. சனியாழ்ச்ச விடியக் காலத்த, அந்த மண்ணத் தள்ளிட்டு இது வெளிய வந்துட்டு. கையாலதான் பிடிச்சேன். அதுக்கு முந்தி எத்தன போச்சோ... ஆருக்குத் தெரியும்?"

நான் குப்பியைத் திருப்பிச் சீட்டை மறுபடி படித்தேன்.

"நீங்க பாத்தியள். பாத்துட்டு ஒரு வார்த்த மிண்டாம போனியள்."

"ஆமா" என்றேன்.

"நீங்க ஏசியிருந்தா நானும் திருப்பி ரெண்டு சொல்லியிருப்பேன். எனக்க மரம், எனக்க வீடுன்னு மல்லுக்கு நின்னிருப்பேன். மிண்டாம போனியளா, ராத்திரி ஒறக்கம் வரல்ல. எனக்குவேண்டி நீங்களும் பொய்க்காரி ஆயிட்டியளேன்னு ஒரே வெப்ராளம்." பையை மூடித் தோளில் மாட்டினாள். "பின்ன செல்லம்மைக்க பிலாவ வெட்டுனது நாமதானே? அவ மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

செல்லம்மை அவளுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். கணவனை இழந்தவள். போன வருடம் அவளுடைய பலாவில் வண்டு இருந்தது. முடியவே முடியாது என்று நின்றவளைப் பேசிச் சம்மதிக்க வைத்தது ஸ்டெல்லாதான்.

புதன்கிழமை மரத்தை வெட்டினோம். விஷயம் தெரிந்ததிலிருந்து தங்கராஜ் மனைவியோடு பேசவில்லை. எங்களோடும் பேசவில்லை. தார்ப்பாய்க்கு உள்ளேயே இருந்தார். ஆனால் வெட்டுக்காரர்கள் கயிறு கட்டிய விதத்தைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் வெளியே வந்தார். "இப்பிடிக் கெட்டுனா செவருல விழும்வே" என்று அவிழ்த்து, அவரே மரத்தில் ஏறிக் கட்டினார். இறங்கி வந்து, அதே கையோடு மறுபடி உள்ளே போய்விட்டார்.

மரம் விழுந்த சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்தார்கள். செல்லம்மையும் வந்தாள். எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குத்திக்காட்ட ஒரு நாள் கிடைத்திருக்கிறது, விடுவாளா?

அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக அடித்தடியிடம் போனாள். ரம்பம் அப்போதுதான் அதைத் துண்டாக்கியிருந்தது. பொன் நிறத்தில், வழவழவென்று, வைரம் பாய்ந்த தடி! பின்பக்கம் ஓரமாக நாலைந்து துளைகள். அவ்வளவுதான். செல்லம்மை அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நல்ல தடியாக்குமே, ஸ்டெல்லா."

"ஆமா மைனி."

"எனக்க பிலாவும் உள்ள இப்பிடித்தான் இருந்தா?"

ஸ்டெல்லா அந்தத் துளைகளை விரலால் தொட்டாள். "இப்பிடித்தான் மைனி இருந்து."

"உள்ள முழுக்க அரிச்சுப் போச்சு, அடுத்த காத்துக்கு வீட்டுமேல விழும்னு சொன்னியே?"

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் முன்னால் வந்தேன். வந்தே ஆகவேண்டும். ஏனென்றால் அந்த வாக்கியம் ஸ்டெல்லாவுடையதே இல்லை. போன வருட சீசன் தொடங்கும்போது ஆறு பேரையும் உட்கார வைத்து நான் சொல்லிக் கொடுத்தது அது. "நல்லா இருக்கிற மரத்தை வெட்டணும்னா யாரும் விடமாட்டாங்க. உள்ளே போயிடுச்சு, விழுந்துடும்னு சொல்லுங்க. பயத்துல ஒத்துக்குவாங்க." என் சாமர்த்தியத்தைப் பற்றி எனக்கே பெருமை இருந்தது.

"அது நான் சொல்லச் சொன்னதும்மா" என்றேன்.

செல்லம்மை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "நீங்க உள்ளதச் சொல்லியிருந்தா நான் ரெண்டு நாளு அழுதுட்டு வெட்டத் தந்திருப்பேன். இப்பம் ஒரு வருசம் கழிச்சு இருந்து அழணும்."

போய்விட்டாள். தீ மூட்டினோம். பச்சை அயனி லேசில் பற்றாது. மாலை வரை புகைந்துகொண்டே இருந்தது.

நாம் ஏன் இப்படிச் செய்கிறோம்? டாக்டர் நோயாளியிடம், ஆபீஸ் மக்களிடம், பிள்ளைகள் பெற்றவர்களிடம்... எதிரில் இருப்பவரால் உண்மையைத் தாங்க முடியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பாதி நேரம், அவர் அழுவதைப் பார்க்க நமக்குத்தான் தெம்பில்லை. இரக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நான் வியாழக்கிழமை சாயா குடித்துவிட்டு எழுந்து வந்ததும், போன வருடம் செல்லம்மையிடம் பொய் சொல்ல வைத்ததும் வேறு வேறு காரியம் என்று நினைத்திருந்தேன். இல்லை. இரண்டும் ஒன்றுதான்.

ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அவள் மறைத்த பன்னிரண்டு நாள், நான் மறைத்த நாலு நாள். மேலிடத்தில் இரண்டு பேருக்கும் நல்ல டோஸ். எனக்குச் சற்று அதிகம் — நியாயம்தான். ஸ்டெல்லாவை நிறுத்தவில்லை. எனக்கு அடுத்த சீசன் உண்டா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. தங்கராஜ் ஐந்தாம் நாள் மனைவியிடம் "உப்பு கொறவு" என்றாராம். பேசத் தொடங்கிவிட்டார் என்று அவள் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். முன்வாசலில் இப்போது தகரம் அடித்திருக்கிறார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். போன வாரம், ஸ்டெல்லா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, ரிட்டையர் ஆன பஸ் டிரைவர் ஒருவரின் பலாவில் புதுக் கீறல்கள். முட்டை வைத்த அடையாளம். இருவரும் போனோம்.

நான், "மரம் நல்லாத்தான் இருக்கு சார். இன்னும் ரொம்ப வருஷம் காய்க்கும். ஆனா வெட்டணும். விட்டா வண்டு இங்கிருந்து காட்டுக்குப் போயிடும்" என்றேன்.

ஸ்டெல்லா அதோடு விடவில்லை. "அண்ணாச்சி, இது எனக்க மரத்துல இருந்துதான் வந்திருக்கும்னு தோணுகு. நான் பன்னெண்டு நாளு சொல்லாம இருந்தேன்" என்றாள்.

அவர் எங்களைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். "ரெண்டு பேரும் வெளிய போங்கம்மா" என்று கேட்டைச் சாத்தினார்.

மறுநாள் போனோம். அதற்கு மறுநாளும். மூன்றாவது தடவை, வண்டு வந்து போகாதபடி மரத்தைச் சுற்றி வலை கட்ட மட்டும் விட்டார். ஒரு பெரிய மழை வந்தால் அது தாங்காது. அதற்குள் அவருக்கு மனது வர வேண்டும். பழைய வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் முதல் நாளே வேலை முடிந்திருக்கும். அது எனக்கும் தெரியும், ஸ்டெல்லாவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

நேற்றோடு நாலு தடவை ஆகிவிட்டது. டிரைவர் அண்ணாச்சி இன்னும் சம்மதிக்கவில்லை — அவர் வீட்டு நாய் மட்டும் எங்களைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது.