மண்டோர் மாட்டிய ஒயர்

அந்தத் திருவிழாக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. லாபு என்ற சிற்றூர்ப் பக்கம் ரப்பர் தோட்டம், எண்பதுகளின் நடுவில். நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். தம்பி மஞ்சள் காமாலையிலிருந்து பிழைத்ததற்காக அம்மா நேர்ந்துகொண்ட பால்குடத்தை அன்றுதான் செலுத்த வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் எதற்கும் முதல் கை மண்டோருடையது. எங்களை வேலை வாங்குபவரும் அவர்தான், கோயில் தலைவரும் அவர்தான். கொடி, முதல் தேங்காய் எல்லாம் போக, அந்த வருடம் வாங்கிய இரண்டு குழாய் ஸ்பீக்கருக்கும் முதல் மரியாதை அவருக்கே! கோயில் வாசலுக்கு இடப்பக்கத்து ஸ்பீக்கரில் தன் கையாலேயே ஒயரை மாட்டினார். வலப்பக்கத்தை ஒயர்காரர் மாட்டினார்.

பூசாரி மைக்கில் மந்திரத்தைத் தொடங்கினார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் மண்டோர் நின்றார், அவர் பின்னால் குடத்தோடு அம்மா. அங்கே மட்டும் சத்தம் செத்துக் கிடந்தது.

"யாரோ தீட்டோட வந்துட்டாங்க," என்று மண்டோர் அம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, இன்னிக்கு உனக்கு எத்தனாவது நாளு?"

சீ! அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"இல்லீங்கய்யா, சத்தியமா இல்லீங்க." அம்மா சொன்ன வேகத்தில் பால் தளும்பியது.

"வெளிய போ. ஒன்னால ஆத்தா வாய மூடிக்கிட்டா லா."

அம்மா பக்கத்தில் நின்றிருந்த நான் இரண்டு எட்டு வலப்பக்கம் நகர்ந்தேன், மந்திரம் கேட்டது. இடப்பக்கமும் கேட்டது. அந்த வாரம்தான் பள்ளியில் ஃபேசர் படித்திருந்தோம். ஒவ்வோர் அலையையும் சுழலும் அம்பாக வரைந்து, ஒன்றின் நுனியில் அடுத்ததன் அடியைச் சேர்க்க வேண்டும். ஒரே திசை என்றால் சத்தம் கூடும். எதிரெதிர் என்றால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும், சத்தமே இருக்காது. நடுவிலிருந்து இரண்டு ஸ்பீக்கரும் ஒரே தூரம். ஆகவே அம்புகள் ஒரே திசையில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றில் ஒயர் இடம் மாறி அதன் அம்பு தலைகீழாகியிருக்கிறது.

மணலில் அம்புகளைக் கீறிக் காட்டினேன். "ஐயா, ஒரு ஸ்பீக்கர்ல ஒயர் மாறியிருக்கு."

"அம்பு போட்டு ஆத்தாவுக்கே பாடம் எடுக்குறியா? நாலு எழுத்து படிச்சா வாய் இப்படித்தான் நீளும் லா." காலால் அழித்தார்.

இருபது வருடம் அம்மாவோடு மரம் சீவியவர்களே அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டார்கள். அம்மாவை வெளியே அனுப்பினார்கள். பாலைச் சாக்கடையில் கொட்டினார்கள்.

ஸ்பீக்கர்களை எட்டிப் பார்க்க நான் ஒரு முக்காலியில் ஏறினேன். மண்டோர் மாட்டியதில்தான் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. மாற்றி மாட்டியதும் நடுவில் மந்திரம் காதைப் பிளந்தது. மனுஷன் இப்போதாவது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலைக்குமேல் கைகூப்பினார்.

"பாத்தீங்களா? அவ வெளிய போனதும் ஆத்தா பேசிட்டா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. த்தூ!

வீட்டுக்கு ஓடினேன். விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்திருந்த அம்மா, பின்பக்கக் குழாயடியில் சேலையோடு மறுபடி குளித்துக்கொண்டிருந்தாள்.

"ஒயர்தாம்மா மாறியிருந்துச்சு. உன்மேல ஒண்ணும் இல்ல."

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். சொல்லிக்கொண்டே இன்னொரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள்.